நாளைய வேலைகளின் இருப்பிடம்: பொம்மிடியை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

செய்து முடிக்காத வேலை மனத்தில் எங்கே தங்குகிறது என்ற கேள்வியை அறிவுலகம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. 1927இல் பெர்லினில் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடிந்த வேலையைவிட முடியாத வேலையே நன்றாக நினைவில் நிற்கிறது என்று எழுதினார். உணவு விடுதியில் பரிமாறுபவர், காசு வாங்கும்வரை ஆர்டரை மறப்பதில்லை, வாங்கியதும் மறந்துவிடுகிறார் என்ற கவனிப்பிலிருந்து இது பிறந்ததாகச் சொல்வார்கள். பொம்மிடி ஸ்டேஷன் பக்கம் இக்கருதுகோள் செல்லாது. இங்கே டீக்கடைக்காரர் பாக்கி தீர்ந்த பின்னும் பல வருடம் அதை நினைவில் வைத்திருக்கிறார். நாலு பேர் முன்னால் சொல்லவும் செய்கிறார்.

ஆய்வுக் களம், சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் மொரப்பூருக்கும் லோக்கூருக்கும் நடுவே உள்ள மேற்படி ஊர். ஆய்வு மாந்தர், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். ஒருவர் போதுமா என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். மற்றவர்கள் டீ வாங்கித் தந்தால்தான் பேசுவோம் என்றார்கள். ஆய்வு நெறியும் நிதியும் இடம் தரவில்லை.

சிக்கலின் தோற்றுவாய் பன்னாட்டளவிலானது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. பதினொன்றுக்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். கடைக் கணினிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கோவையில் படிக்கும் அக்கா மகன் பொங்கல் லீவில் வந்து லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்துவிட்டு ரயிலேறினான். பிரிண்டர் ஓடியது, ஸ்கேனர் ஓடியது. 'வேலை' என்று பெயரிட்ட ஒற்றைக் கோப்பு மட்டும், திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டியது.

"ஃபைல் கெட்டுப்போச்சு மாமா. நல்ல டாஸ்க் ஆப் ஒண்ணு போட்டுக்கலாம், லினக்ஸ்ல நெறைய இருக்கு" என்றான் போனில்.

"எனக்கு நெறைய வேணாம்டா. எழுதணும், முடிஞ்சா அடிக்கணும். அவ்ளோதான்."

இந்த 'அவ்ளோதான்' என்பதை எந்தப் பணிப்பட்டியல் மென்பொருளும் நிறைவேற்றவில்லை என்பதே நம் ஆய்வின் முதற்பகுதி. ஆர்க்-மோட் என்பது 2003இல் கார்ஸ்டென் டொமினிக் என்ற வானியலாளர் உருவாக்கியது. ஒளியாண்டு தொலைவைக் குறிக்கும் அளவு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆர்க்-மோட் கையேட்டைப் படிப்பவருக்கு அது கால அளவாகவே படும். டாஸ்க்வாரியர் ஒவ்வொரு வேலையின் அவசரத்தையும் தசம எண்ணில் தானே கணக்கிட்டுச் சொல்லும். நம் மாந்தரின் கடையில் அவசரத்தை நிர்ணயிப்பவர், கவுன்டர் முன்னால் ஆதார் நகலுக்கு நிற்பவர். 'திங்ஸ்' அழகானது என்கிறார்கள். ஆனால் ஆப்பிள் வீட்டுக்குள் மட்டும்தான் குடியிருக்கும். எளிமைக்குப் பேர்போன வுண்டர்லிஸ்ட்டும் பெர்லின்காரர்கள் செய்ததுதான். 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடியது. முடிக்காத வேலைகளைப் பற்றி அந்நகரம் இன்னும் என்னென்ன வைத்திருக்கிறதோ.

மிஞ்சியது ஜீனா டிரபானி 2006இல் கொண்டுவந்த டுடூ.டிஎக்ஸ்டி. மென்பொருள் என்பதைவிட அது ஓர் ஒழுங்கு. வெறும் எழுத்துக்கோப்பு, ஒரு வரிக்கு ஒரு வேலை, முடிந்தால் வரியின் தொடக்கத்தில் ஓர் எக்ஸ். இதைக் கேட்ட கடைக்காரர் முகத்தில் வியப்பே இல்லை. "இதைத்தானே நான் நோட்பேடுல பண்ணிட்டிருந்தேன்" என்று கெட்டுப்போன கோப்பைத் திறந்தார். திறந்தவர், யாரும் எதிர்பாராத விதமாக, அதைப் படிக்க ஆரம்பித்தார்.

இங்குதான் ஆய்வு திசைமாறியது. கோப்பு கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த முறையில் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. போர்வை லினக்ஸுக்கு வரவில்லை, உடம்பு வந்துவிட்டது. எஃப் என்றால் க. அதன் பின்னால் அரைப்புள்ளி வந்தால் க். விசை வரிசை பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஒட்டியது. ஆயுள் முழுக்க மனு அடித்த விரல்கள் கண்ணுக்குப் படித்துச் சொல்லின. (ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. அரசாணை விரல்வரை வந்து சேரவில்லை.)

முடிவாக நாம் நிறுவுவது: இருபது ரூபாய் செலவும் இல்லாமல், கடவுச்சொல்லும் இல்லாமல், எந்தத் தளத்திலும் திறக்கிற, உரியவர் மட்டுமே படிக்கிற பணிப்பட்டியல் ஒன்று பொம்மிடியில் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. டுடூ.டிஎக்ஸ்டியிலும் இல்லாத வசதி இது.

செய்தி அறிந்த மருமகன், எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் ஒருங்குறிக்கு மாற்றித் தருவதாகச் சொன்னான். மத்தியான நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்பவர் அருகில் இருக்கிறாரா என்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டு, கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"வேணாம்டா. மாத்துனா உங்க அத்தை படிச்சிருவா."

இக்கட்டுரையாளரும் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் முடித்தவர். கோப்பில் மூன்று வரிகளைப் படிக்க முடிந்தது. அவற்றை இங்கே வெளியிடுவது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.