ஓக் பார்க் பட்டாதாரர்

சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் வீடு வாங்கிய தமிழர் தன் வீட்டைப் பற்றிப் பேசுவார். எத்தனை பெட்ரூம், பேஸ்மென்ட் முடித்தாயிற்றா, வட்டி எத்தனை சதவீதம் என்று பத்து நிமிஷத்தில் ஆளை விட்டுவிடுவார். ஓக் பார்க்கில் வீடு வாங்கிய தமிழர் ஊரைப் பற்றிப் பேசுவார். அவரிடம் மாட்டினால் ரசம் ஆறிவிடும்.

சிகாகோவின் மேற்கு எல்லையில் ஆஸ்டின் பூல்வார்ட் என்ற தெருவைத் தாண்டினால் ஓக் பார்க். 54 ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மூன்று ரயில் பாதைகள் ஓடுகின்றன, ஆனாலும் சட்டப்படி அது கிராமம்தான். 1902 முதல் அப்படித்தான். பிரசிடென்ட் ஒருவர், டிரஸ்டிகள் ஆறு பேர். நம்மவருக்கு இதில் ஒரு தனி குஷி. ஊரிலிருந்து யார் கேட்டாலும், "நாங்க இருக்கிறது ஒரு கிராமம்" என்பார். மாமியார் நெடுநாள் கவலையாக இருந்துவிட்டு ஒருநாள் போனில் கேட்டேவிட்டார்: "கரண்டாவது ஒழுங்கா வருதுங்களா மாப்பிள்ளை?"

வீடு வாங்குமுன் நண்பர்கள் எடுத்துச் சொல்லாமலில்லை. நேப்பர்வில்லில் 204-ஆம் பள்ளி மாவட்டம், அரோராவில் பாலாஜி கோயில், கூப்பிடு தூரத்தில் கறிவேப்பிலை, தெருவுக்கு நாலு தமிழ்க் குடும்பம். "எல்லாரும் நம்மாளுங்கதான்னா நான் அம்பத்தூர்லயே இருந்திருப்பேனேடா" என்று நம்மவர் வீராப்பாகச் சொன்னார். உண்மைக் காரணங்கள் இரண்டு: கிரீன் லைன் ரயிலில் ஏறினால் அரைமணியில் ஆபீஸ், வாராவாரம் யார் வீட்டுப் பிள்ளைக்காவது பர்த்டே பார்ட்டி என்று போய் நிற்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணத்தை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. அந்த அம்மாளுக்கும் அதேதான் காரணம், அவரும் சொன்னதில்லை.

வீடு தேடிய கதை தனி. நம்மூரில் வீட்டுத் தரகர் கதவைத் திறக்கும் முன்பே கீழ்வீட்டில் யார், மேல்வீட்டில் யார், என்ன ஆட்கள், என்ன சமையல் என்று ஒப்பித்துவிடுவார். இங்கே ரியல்டர் அம்மாள் வாயே திறக்கவில்லை. "ஏரியா எப்படி?" என்றால், "பகலில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் வந்து நடந்து பாருங்கள்" என்றார். "ஸ்கூல்?" என்றால், "மாநில அரசின் இணையதளத்தில் இருக்கிறது." நம்மவர் குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டில் யார்...?" என்று இழுத்ததும், "கிச்சன் கேபினெட் எல்லாம் புதுசு" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார். இன்ன இனத்தார் இருக்கிறார்கள் என்று கோடி காட்டி வாங்குபவரை ஒரு பக்கம் திருப்பிவிடுவது 1968 முதல் நாடு முழுக்கச் சட்டவிரோதம். அந்த அம்மாள் லைசென்சைக் காப்பாற்றிக்கொண்டார். நம்மவர் அன்றைக்கு அவரை விஷயம் தெரியாதவர் என்று நினைத்தார். இன்றைக்கு அதே கதையை, தானே அந்தச் சட்டத்தை எழுதிய மாதிரி சொல்கிறார்.

தேடும்போது இன்னொரு விசித்திரம். நாலு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாகக் காரில் சுற்றியும் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை கண்ணில் படவில்லை. இந்த ஊரில் யாரும் வீடே விற்பதில்லை போலிருக்கிறது என்று தேடலையே விட்டுவிடப் பார்த்தார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம்தான் இன்று அவர் வீட்டு விருந்துகளில் இரண்டாம் பந்தி.

முதல் பந்தி, வீடு. 1912-இல் கட்டியது. வாங்குமுன் ஹோம் இன்ஸ்பெக்டர் வந்து பேஸ்மென்டில் ரேடான் வாயு, சுவருக்குள் பீங்கான் குமிழ் வைத்த பழங்கால வயரிங், மழைக்குத் தண்ணீர் ஏறும் தடயம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். இல்லினாயில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் வக்கீல் பார்த்து மறுக்க வழக்கமாக ஐந்து வேலைநாள் உண்டு. நம்மவர் அந்த ஐந்து நாளும் தூங்காமல் இருந்து, ஆறாம் நாள் வீட்டை வாங்கினார். தெருவிலிருந்து தெரியும் பாகத்தில் கை வைப்பதென்றால் வரலாற்றுப் பாதுகாப்புக் குழுவின் முன்னால் காகிதத்தோடு போய் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பழைய ஜன்னல்கள் வழியாக மிஷிகன் ஏரிக் காற்று தாராளமாக உள்ளே வருகிறது. "கேரக்டர்! இந்தக் காலத்துல இப்படி யார் கட்டறா?" என்பார், ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. கும்பகோணத்தில் தாத்தா கட்டிய முற்றம் வைத்த வீட்டை புரமோட்டருக்குக் கொடுத்து, கார் பார்க்கிங்கோடு எட்டு ஃபிளாட் ஏற விட்டவரும் இவர்தான்.

விருந்தாளிகளை கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய வீடுகளைப் பார்க்கக் கூட்டிப்போவது கட்டாயம். ரைட்டின் வீடுகள் உலகிலேயே அதிகமாக ஓரிடத்தில் இருப்பது இந்த ஊரில்தான். அவர் கட்டிய யூனிட்டி டெம்பிள் 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஓக் பார்க்கில் 20 வருஷம் இருந்த ரைட், 1909-இல் தனக்கு வீடு கட்டித்தரச் சொன்னவரின் மனைவியோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அம்மா உடன் வரும்போது நம்மவர் இதை மட்டும் விட்டுவிட்டு, "அப்புறம் அவர் வெளிநாடு போனாரும்மா" என்று முடித்துக்கொள்வார். எழுத்தாளர் ஹெமிங்வே 1899-இல் பிறந்த வீடும் உண்டு. அவர் இந்த ஊரை வைத்து ஒரு நாவலும் எழுதவில்லை. ஊர் அதை மன்னித்து மியூசியம் வைத்திருக்கிறது.

இப்போது இரண்டாம் பந்தி. இங்கே நம்மவரின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும்.

"1950-ல பெர்சி ஜூலியன்னு ஒரு கறுப்பின விஞ்ஞானி. சோயா பீன்ஸ்லேர்ந்து ஹார்மோன் மருந்தெல்லாம் செஞ்ச மேதை. இங்க வீடு வாங்கினார். குடிவர்றதுக்கு முன்னாடியே *அவங்க* வீட்டைக் கொளுத்தப் பார்த்தாங்க. அடுத்த வருஷம் *அவங்க* டைனமைட் வீசினாங்க." ஒரு பெருமூச்சு. அப்பளம் ஒன்று. "1968-ல *நாங்க* சட்டம் கொண்டுவந்தோம். வீடு விக்கறதுல இனபேதம் பார்க்கக் கூடாதுன்னு."

அந்த 1968-இல் இவர் பிறக்கவில்லை. இவருடைய அப்பா திருச்சி பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் குண்டு வைத்தவர்கள் 'அவங்க', சட்டம் போட்டவர்கள் 'நாங்க'. வீட்டைக் கிரயம் பண்ணும்போது ஊரின் சரித்திரத்தில் பாதியை மட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டார் போலும்.

கதை என்னவோ பொய்யில்லை. ஆஸ்டின் பூல்வார்டுக்குக் கிழக்கே சிகாகோவின் ஆஸ்டின் பகுதியில், 1960-களின் பிற்பாதியிலும் அடுத்த பத்தாண்டிலும் தரகர்கள் வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, "அவர்கள் வருகிறார்கள், விலை விழுமுன் விற்றுவிடுங்கள்" என்று கிலி கிளப்பினார்கள். பயந்தவர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பினக் குடும்பங்களிடம் யானை விலைக்கு விற்றார்கள். தெருவில் ஒரு பலகை நட்டால் மறுவாரம் பத்துப் பலகை. தெருத்தெருவாக ஊரே காலியானது. ஓக் பார்க் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1972-இல் வீட்டு வாசலில் விற்பனைப் பலகையே வைக்கக் கூடாது என்று கிராம சபை தடை போட்டது. 1977-இல் வேறொரு ஊர் வழக்கில் இப்படிப்பட்ட தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், உள்ளூர் ரியல்டர்கள் தாங்களாகவே பலகை வைக்காமல் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணி 1972-இல் ஒரு வீட்டு வசதி மையத்தைத் தொடங்கினார். வாடகைக்கு வீடு கேட்டு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஆஸ்டின் பக்கத்துத் தெருக்களையும், கறுப்பினத்தவருக்கு ஊரின் மற்றப் பகுதிகளையும் எடுத்துச் சொல்லி, ஒரே பக்கம் எல்லாரும் குவியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலையாக இருந்தது. கிராம அலுவலகத்தையே எல்லாரும் பயந்த கிழக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

நம்மவருக்குப் பிடித்தது 1978-இல் வந்த காப்பீடு. வீட்டு விலை விழுந்தால் நஷ்டத்தில் 80 சதவீதம் கிராமமே தரும் என்றார்கள். கடைசிவரை ஒருவரும் வந்து பணம் கேட்கவில்லை. நம்மவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பிரீமியம் வாங்கி க்ளெய்ம் வராத பாலிசியைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் கோக்கும்.

ஒன்றை மட்டும் அவர் தானாகச் சொல்ல மாட்டார். ஆஸ்டின் பூல்வார்டிலிருந்து ஓக் பார்க்குக்குள் திரும்பும் தெருக்கள் பல முட்டுச்சந்துகள். செடி வைத்து, கல் வைத்து, அழகாக அடைத்திருக்கிறார்கள். சிகாகோ பக்கத்திலிருந்து கார் நேரே உள்ளே வர முடியாது. ஏன் என்று கேட்டால், "டிராஃபிக்" என்பார். பாயசம் வரும்.

இவ்வளவு வரலாறு இருக்கும் ஊரில் தினப்படி வாழ்க்கை என்னவோ வரியும் பார்க்கிங்கும்தான். ராத்திரி இரண்டரையிலிருந்து ஆறு மணிவரை தெருவில் கார் நிறுத்தக் கூடாது. மச்சான் கிளீவ்லாண்டிலிருந்து வந்தால், அவர் சாப்பிட்டாரா என்று விசாரிக்குமுன் அவர் கார் நம்பரை விசாரித்து கிராமத்துக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். சொத்து வரி வருஷத்துக்கு இரண்டு தவணை, வீட்டு மதிப்பில் 2 சதவீதத்துக்கு மேலேயே போய்விடும். குக் கவுன்டியில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மதிப்பைத் திருத்துவார்கள், ஊரே அப்பீல் போடும். நேப்பர்வில் நண்பரிடம் பேசும்போது நம்மவர் வீடு மாளிகை. அப்பீல் மனுவில் அதே வீடு ஒழுகும், விரிசல் விட்டிருக்கும், எக்ஸ்பிரஸ்வே இரைச்சல் காதைத் துளைக்கும்.

வீட்டு முன்னால் புல்வெளியில் 'வெறுப்புக்கு இங்கே இடமில்லை' என்ற பலகை நிற்கிறது. சிகாகோவின் நார்த் பார்க்கில் தொடங்கி நாடெங்கும் பரவியது அது. ஆங்கிலம், உருது, ஹீப்ரு, கொரியன், அரபி, ஸ்பானிஷ் என்று ஆறு மொழி. அதைப் பார்த்ததும் நம்மவருக்கு முதலில் வந்தது வெறுப்புதான்: "தமிழ் எங்கே?" ஓக் பார்க் உயர்நிலைப் பள்ளியில் இனபேதம் எப்படி ஒளிந்திருக்கிறது என்று 2018-இல் ஸ்டீவ் ஜேம்ஸ் எடுத்த பத்துப் பகுதி ஆவணத் தொடரை எல்லாரையும் பார்க்கச் சொல்வார். அவர் இரண்டாம் பகுதியில் தூங்கிவிட்டார்.

கோடையில் பிளாக் பார்ட்டி. தெருவின் இரு முனையிலும் தடுப்பு வைத்து, நடுத்தெருவில் மேசை போட்டு, வீட்டுக்கு ஒரு பதார்த்தம். நம்மவருடையது எலுமிச்சை சாதம், ஒவ்வொரு வருஷமும். அன்று ஊரிலிருந்து விருந்தாளி வந்திருந்தால் ஓரமாக நின்று காட்டுவார்: "அதோ அவங்க யூதர். அந்த வீட்டுல ரெண்டு அம்மா. அது மெக்சிகோ குடும்பம். மூலையில கறுப்பின டீச்சரம்மா, ரிட்டயர்டு." அந்த நேரம் எதிர்ச்சாரியில் ஒரு வெள்ளைக்காரர் தன் விருந்தாளிக்கு எலுமிச்சை சாதப் பாத்திரத்தைக் காட்டி, விட்டுப்போன ஒன்றை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

டீச்சரம்மா அந்த வீட்டில் நாற்பது வருஷமாக இருக்கிறார். நம்மவர் தட்டோடு போய், இந்தத் தெருவின் பன்முகத்தன்மை தன்னை எப்படி உருக்குகிறது என்று ஆரம்பித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "போன ஜனவரியில் உன் வீட்டு முன்னால் நடைபாதைப் பனியை மூன்று நாள் நீ வாரவில்லை. நான் வழுக்கி விழப் பார்த்தேன்" என்றார். வரி அப்பீலை யாரிடம் கொடுத்தால் பலிக்கும் என்றும் சொன்னார். நம்மவர் முதலாவதை மறந்து, இரண்டாவதைப் போனில் குறித்துக்கொண்டார்.

பார்ட்டி முடிய ராத்திரி ஒன்பது மணி. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. மேற்கு மாம்பலத்தில் நம்மவருக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது, முதல் டாலர்களில் வாங்கியது. தரகர் கூப்பிட்டார்.

"சார், நல்ல பார்ட்டி வந்திருக்கு. டாக்டரம்மா, தனியாத்தான் இருக்காங்க. நாகர்கோவில் பக்கம். அட்வான்ஸ் கையோட தர்றேங்கறாங்க."

"சாப்பாடு எப்படி?"

"நான்-வெஜ்தான் சார். ஆனா வீட்ல அதிகமா சமைக்க மாட்டாங்களாம்."

நம்மவர் கையிலிருந்த சிக்கன் துண்டைத் தட்டில் வைத்தார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. நான் அதெல்லாம் பார்க்கிற ஆளே கிடையாது. மத்த ஃபிளாட்காரங்க என்ன சொல்வாங்களோன்னுதான் யோசிக்கிறேன். அப்புறம் விக்கறப்போ விலை போகணுமே."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடவா சார்?"

"சேச்சே, அப்படிச் சொல்லாதே. தப்பு. வாடகைய மூவாயிரம் ஏத்திச் சொல்லு, அவங்களே வேற இடம் பார்த்துப்பாங்க."