மூன்றெழுத்து இரங்கல்

கேள்வி: சாவுச் செய்திக்குக்கூட வாட்ஸ்அப்பில் ‘ஆர்.ஐ.பி.’ என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறார்களே, செல்போன் வந்து மனசின் ஈரம் வற்றிவிட்டதா?

பதில்: சுருக்கம் செல்போன் கொண்டுவந்த நோய் அல்ல. 2013 ஜூலையில் விடைபெற்ற தந்தியிலும் சொற்களை எண்ணித்தான் காசு; வாழ்த்து வாசகங்களுக்கு எண்களே இருந்தன, எண்ணைக் குறித்தால் வாசகம் போய்ச் சேரும். தந்தி ஆபீஸ்வரை நடக்க வேண்டுமே, அந்த நடையில் அக்கறை இருந்ததே என்பீர்கள். உண்மைதான். ஆனால் துபாயில் லீவு கிடைக்காத மகன் இன்று அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது இதே செல்போனில்தான். தந்தியால் அது ஆகியிருக்காது. ஈரம் தெரிவது முதல் நாள் செய்தியில் அல்ல. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் பஸ் ஏறிய பிறகு, ‘சாப்பிட்டீங்களாக்கா?’ என்று கேட்கும் போனில்தான். அந்த வீட்டுக்கு நீங்கள் பேசினீர்களா?