மண்ணெண்ணெய்ப் பதிப்பு

1965இல் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர் ஃபோர்ட் மஸ்டாங்கை எடுத்து, அதன் 271 குதிரைவலுவை 306 ஆக்கி, பின்சீற்றையும் கழற்றிவிட்டு, ஜீ.ரீ.350 என்று பெயர் வைத்தார். இரண்டு பேர் மட்டும் இருக்கிற கார் என்றால்தான் பந்தயத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சேர்ப்பார்களாம். அந்த வருடம் செய்தது 562. இன்றைக்கு ஒன்று வாங்க, வீடு வளவை விற்றாலும் காணாது.

யாழ்ப்பாணத்திலும் ஒரு விசேட பதிப்பு ஓடியது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் மறைய, ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உசுப்பி, சூடேறியதும் மற்றதற்குத் திருப்ப வேண்டும். அந்த நாலு துளிக்குச் சென்ற் போத்தலின் மரியாதை. ஏ40க்கு இருந்ததே நாற்பது சொச்சக் குதிரை. மண்ணெண்ணெய் மணத்துக்கு அதிலும் சிலது கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

பின்சீற்றைக் கழற்றும் யோசனை மட்டும் எங்கள் மெக்கானிக்மார் ஒருவருக்கும் வரவில்லை. கலியாண வீட்டுக்குப் போகிற சனத்தை எங்கே இருத்துவது?

ஷெல்பி காரில் தொடர் இலக்கத் தகடு உண்டு. எங்கள் பதிப்புக்கு அத்தாட்சி, இறங்கி வந்தவரின் பட்டு வேட்டி. இரண்டு தரம் தோய்த்தாலும் மணம் போகாது.