தண்டனை முடிந்தது... அப்புறம்?

எஸ்.கே., திண்டுக்கல்
தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ஒருவரை உள்ளேயே வைக்க முடியுமா?

ஆஸ்திரேலியாவில் முடியும். குவீன்ஸ்லாந்து 2003-லும், நியூ சவுத் வேல்ஸ் 2006-லும் சட்டமே போட்டன. செய்ததற்குக் கணக்கு தீர்ந்துவிட்டது. இது செய்யப்போவதற்கு அட்வான்ஸ்!

ஆர்.வி., கும்பகோணம்
ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா?

2004-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் (அங்கே அதற்கு மேல் கோர்ட் இல்லை) இது தண்டனை அல்ல, சமூகப் பாதுகாப்பு என்று குவீன்ஸ்லாந்து சட்டத்தை ஏற்றது. ஏழு நீதிபதிகளில் மைக்கேல் கர்பி மட்டும் மறுத்தார். 2010-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதே வழக்கில் அந்தச் சிறைவைப்பு தவறு என்றது. உள்ளே இருப்பவருக்கு மட்டும் களியின் ருசி மாறவே இல்லை.

எம்., கோவில்பட்டி
நாளை தப்பு செய்வான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஜாதகமா?

கட்டம் உண்டு. 'ஸ்டாட்டிக்-99' என்ற படிவத்தில் பத்தே அம்சங்கள்: பழைய குற்றங்கள், பாதிக்கப்பட்டவர் உறவா அந்நியரா, வெளியே வரும் வயது... கூட்டினால் மதிப்பெண். மனநல நிபுணர்களும் பரிசோதிப்பார்கள். இப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் மறுபடி தப்பு செய்வார்கள் என்று படிவம் சொல்லும். அதில் இவரும் ஒருவரா? அங்கேதான் மௌனம்.

ஜி.டி., ஆம்பூர்
வெளியே விட்டுக் கண்காணிப்பதும் உண்டாமே?

உண்டு. கணுக்காலில் ஜி.பி.எஸ். பட்டை. எந்தக் கடை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வார அட்டவணை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் ஓர் உத்தரவு ஐந்தாண்டு வரை, முடிந்தால் புதுப்பிக்கலாம். மீறினால் சிறை. கறிவேப்பிலை வாங்க மறந்தால் ரசத்தை அப்படியே குடிக்க வேண்டியதுதான்.

பி.என்., சிவகாசி
இந்தச் சட்டங்கள் பாலியல் குற்றவாளிகளுக்கு மட்டும்தானே?

ஆரம்பம் அப்படித்தான். பிறகு வன்முறை, பயங்கரவாதம். மேற்கு ஆஸ்திரேலியாவின் 2020 சட்டத்தில் வழிப்பறியும் சேர்ந்தது. ஆயுதம் இருப்பதாகப் பாவனை காட்டி ஒரு சங்கிலியும் 20 டாலரும் பறித்தவர் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2022-ல் 'சட்டம் செல்லும்' என்றே தீர்ப்பு. சட்டத்தின் கணுக்காலில் யாரும் பட்டை கட்டவில்லையே!

கே.எல்., நாகர்கோவில்
ஒரே ஓர் ஆளுக்காகச் சட்டம் போட்டது நிஜமா?

நிஜம். நியூ சவுத் வேல்ஸ், 1994. பெயரையே சட்டத்தில் எழுதினார்கள். 1996-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு முகவரி எழுதி அனுப்பிய சட்டம்; கோர்ட் திருப்பி அனுப்பிவிட்டது.

வி.ஆர்., தாராபுரம்
நம் குண்டர் சட்டமும் இதுதானே?

பங்காளி முறை. அங்கே நீதிபதி, தண்டனைக்குப் பிறகு. இங்கே 1982 சட்டப்படி கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்து, தீர்ப்புக்கு முன்பே, ஓராண்டு வரை. நாம் எதையும் கடைசி வரை ஒத்திப்போடுவதில்லை.

டி.எஸ்., காரைக்குடி
யாராவது உருப்படியாக யோசித்தார்களா?

ஜெர்மனி. 1933-ல் ஹிட்லர் ஆட்சி கொண்டுவந்த ஏற்பாடு; அவர் போனார், அது போகவில்லை. 2011-ல் அரசியல் சாசன நீதிமன்றம் கறாராகச் சொன்னது: தண்டனை இல்லையென்றால் சிறை மாதிரி இருக்கக் கூடாது, சிகிச்சையும் விடுதலைக்கு வழியும் வேண்டும். அதாவது, வாய்ப்பேச்சு போதும், அறையைத் திறந்து காட்டு!

ஏ.ஜே., வேலூர்
அப்படி ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால்?

முதலில் கதவைப் பூட்டுவேன். பிறகு அரசுக்கு ஒரு கடிதம்: 'இத்தனை வருஷம் உங்களிடம்தானே இருந்தார்? ஆபத்தானவர் என்பது ரிலீஸ் தேதி நெருங்கும்போதுதான் ஞாபகம் வந்ததா?'