குட்டைக் கட்டைகளின் குலப்பெருமை

வட அமெரிக்க மரக்கடைகளில் எட்டடிச் சுவருக்கென்று முன்னதாகவே அறுத்து விற்கப்படும் நிலைக்கட்டை, அதாவது சுவர்ச் சட்டகத்தில் செங்குத்தாக நிற்கும் மரம், 92 5/8 அங்குல நீளமே உடையது. கீழே ஒன்றும் மேலே இரண்டுமாக ஒன்றரை அங்குலக் கிடைக்கட்டைகள் சேர்ந்தால்தான் உயரம் நிறையும் என்னும் கணக்கு, மேலே ஒன்றோடு சிக்கனம் செய்த வீட்டுக்காரருக்கு, நிலவறையில் சுவரை நிமிர்த்தும்போதுதான் தெளிவாகிறது. வீட்டின் பாரத்தைச் சுமக்காத இத்தகைய உட்சுவருக்கு இன்னொரு கிடைக்கட்டையே போதிய பரிகாரம். எனினும் மரத்தைக் குறைசொல்வதற்குச் செலவிடப்படும் நேரத்தில் அறையையே முடித்துவிடலாம்.

இந்தக் குறையே தகுதியாக மதிக்கப்படும் ஊரும் உண்டு. கொலராடோ மாநிலத்தின் டென்வர் வட்டாரத்தில், ஈரம் கண்டால் வீங்கும் களிமண் கான்கிரீட் தளத்தையே மேலே தள்ளுவதால், சுவரை மாடியின் உத்தரங்களிலிருந்து தொங்கவிட்டு, அடியில் ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, நீண்ட ஆணிகளால் மட்டும் தளத்தோடு இணைக்கும் ‘மிதக்கும் சுவர்’ வழக்கத்தில் இருக்கிறது. பிற ஊர்களில் கைப்பிழை எனப்படும் இடைவெளியை அங்கே ஆய்வாளர் அளவுகோல் வைத்துத் தேடுகிறார், காணாவிட்டால் ஒப்புதல் தர மறுக்கிறார்.