பிசாங்கின் நிறமாற்றம்: மாசாய் தெரெஸ் வீடொன்றில் நடந்த ஓர் ஆய்வு

பாயிரம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பாம்பு. பெயர் பிசாங். இனம், பால் பைத்தன் என்று வியாபாரிகள் சொல்லும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு. நஞ்சில்லாதது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். இருப்பிடம்: ஜொகூர் மாநிலம், மாசாய் வட்டாரத்துத் தாமான் ஒன்றில், தெரெஸ் வீட்டு மாடியறை. உரிமையாளர் என் அக்காள் மகன். ஆய்வாளர், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்காக அந்த வீட்டுக்குப் போய்வரும் மாமன்காரன். ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை, கேட்கவும் இல்லை.

கருதுகோள் சிறியது. வளர்ப்புப் பாம்பின் நிறம் மாறினால் முதல் வைத்தியம் சும்மா இருப்பது. அதற்குச் சில புறனடைகள் உண்டு. சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் ஞானிகள் ஏற்கெனவே பாடிவிட்டார்கள். பாம்பு வளர்க்கும் வீட்டில் அது இன்னும் பெரிய காரியம் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் பங்களிப்பு. சித்தாந்த நூல்களின் முறைப்படி, பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கம் முதலில். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அடுத்து.

பரபக்கம்

ஒரு வாரம் பிசாங்கின் மஞ்சள் சாம்பல் பூத்தது. வயிறு இளஞ்சிவப்பானது. இரு கண்களும் நீலம் கலந்த வெண்மையாக மங்கின. போட்ட எலியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே அந்த வீட்டில் நான்கு மரபுகள் தோன்றின.

முதலாவது, கண்ணேறு மரபு. இதன் நிறுவனர் பாட்டி. பிசாங் வீட்டுக்கு வந்த அன்று, "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றவர். இப்போது அவர் முன்வைத்த கொள்கை: "வர்றவன் போறவன்லாம் போட்டோ பிடிச்சா புள்ளைக்கு என்னத்துக்கு ஆகும்?" உப்பும் மிளகாயும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்தன. மிளகாய் நெடியில் வீடே இருமியது. அடுத்த வாரம் பிசாங் பளபளத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஆய்வாளர் மறுத்தார். அவருக்கு அன்று மீன் தலை கிடைக்கவில்லை.

இரண்டாவது, நம்பர் மரபு. பக்கத்து வீட்டு அங்கிள் இதன் தனிப்பெரும் பிரதிநிதி. பாம்பைக் கண்டால் நாலு நம்பர் எடுப்பது இந்நாட்டில் இன மத பேதம் கடந்த வழக்கம். பிசாங்கின் முதுகில் புதிதாக முளைத்த கரும்புள்ளிகளை அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டு போனார். குலுக்கல் புதன், சனி, ஞாயிறு என்று வகுத்த நாளில் நடக்கிறது. பாம்போ தன் இஷ்டத்துக்கு நிறம் மாறுகிறது. இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியபோது, "அதுக்குத்தான் எல்லா நாளும் வாங்கணும்" என்றார். மறுக்க முடியாத கொள்கை. ஆகவே அது அறிவியல் ஆகாது.

மூன்றாவது, விற்பனை மரபு. ஒரு கடைக்காரர் படத்தைக் கைப்பேசியில் பார்த்ததுமே வைட்டமின் சொட்டு, பளபளப்புத் தெளிப்பான், தனி விளக்கு ஆகிய மூன்றையும் பரிந்துரைத்தார். எந்த நிறத்துக்கும் ஒரு புட்டி உண்டு என்பதே இம்மரபின் மையக் கருத்து.

நான்காவது, தோட்ட மரபு. கூலாய்ப் பக்கம் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்ற பெரிய தாத்தா ஒருவர் தீபாவளிக்கு முன் வந்திருந்தார். எலிக்காகச் செம்பனைத் தோட்டத்துக்குள் வரும் பாம்புகளோடு வாழ்நாள் முழுக்கப் புழங்கியவர். பெட்டியை எட்டிப் பார்த்தார். "சட்டை கழட்டப் போவுது. சும்மா விடு தம்பி" என்று சொல்லிவிட்டு முறுக்கு சாப்பிடப் போனார். நான்கு மரபுகளில் இது ஒன்றே சோதனையில் தேறியது. சுபக்கம் இதற்கான உரை மட்டுமே.

சுபக்கம்

பாம்பின் நிறம் பெரும்பாலும் தோலின் உள்ளடுக்கில் இருக்கும் நிறமி உயிரணுக்களிலிருந்து வருகிறது. அதற்கு மேலே கெரட்டின் உறை. உடல் வளர, உறை தேய, அடியில் புதிய உறை உருவாகும். பழையதற்கும் புதியதற்கும் நடுவே நீர் கசிந்து இரண்டையும் பிரிக்கும். அந்த நாட்களில் மஞ்சள் சாம்பலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். நிறமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண் மங்குவதும் அதனால்தான். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஓர் ஒளிபுகும் செதில். அதுவும் சட்டையோடு சேர்ந்தே கழல வேண்டும். அதற்கடியில் நீர் சேரும்போது கண் பால் படிந்ததுபோல் ஆகிறது, பார்வை குறைகிறது. கண் தெரியாதவன் தட்டில் விரலை நீட்டினால் என்ன நடக்குமோ அதுதான் அப்போது தொடுபவருக்கு நடக்கும். சில நாளில் கண் தெளியும். வீட்டார் குணமாகிவிட்டது என்று கொண்டாடுவார்கள். அதற்கும் சில நாள் கழித்தே பிசாங் மூக்கைக் கல்லில் உரசத் தொடங்கும்; உதட்டோரம் பிரிந்த உறை உள்பக்கம் வெளியாக முழுதாக உருண்டு வரும். குட்டிகள் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றும். வளர்ந்தவை ஆண்டுக்குச் சில தடவை.

கழன்ற சட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை. மஞ்சள் அதில் இல்லை. மங்கலான வடிவம் மட்டும் உண்டு. தலைப்பகுதியில் இரண்டு வட்டச் செதில்கள் கண்ணாடித் துண்டுகளாய் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது இன்னும் பாம்பின் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது என்று பொருள். இன்னொரு குறிப்பு: செதில்களுக்கு இடையே மடிந்திருந்த தோலும் விரிவதால் சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கும். என் அக்காள் மகன் நண்பர்களிடம் சொல்லும் நீளம் சட்டையின் நீளம்.

அங்கிள் எண்ணிய புள்ளிகளுக்கு வேறு காரணம்: வயது. இந்த 'பனானா' வகையின் மஞ்சள் உடம்பில், கனிந்த வாழைப்பழத்தில் விழுவதைப்போல, வளர வளரக் கரும்புள்ளிகள் விழும். நோயல்ல. ஜொகூர்க் காடுகளிலும் பினாங்குப் பாம்புக் கோயிலிலும் காணப்படும் கோயில் விரியனைப் பாருங்கள். குட்டியில் பச்சை, ஆண் கடைசிவரை பச்சையாகவே இருந்துவிடும், பெண் வளர்ந்து கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை கட்டி, உருவத்திலும் ஆணை மிஞ்சிவிடும். நியூ கினியின் பச்சை மரப் பைத்தன் மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ பிறந்து பிறகு பச்சையாகும். இவற்றையெல்லாம் தாண்டிய ஒன்று போர்னியோவில் இருக்கிறது. மேற்குக் கலிமந்தானின் காப்புவாஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து 2005இல் அறிவியல் பெயர் பெற்ற சேற்றுப்பாம்பு அது. செம்பழுப்பாக இருந்ததை இருண்ட வாளியில் போட்டுச் சில நிமிடத்தில் எடுத்தால் ஏறக்குறைய வெள்ளையாகியிருந்ததாம். நல்லவேளை, அங்கிளுக்கு அது தெரியாது.

பச்சைப் பாம்பு நீலமாவதும் உண்டு. அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறும்போது மஞ்சள் நிறமி கரைந்து நீலம் மிஞ்சும். அந்த நிறமாற்றத்துக்கு மட்டும் எந்த மருத்துவரும் தேவையில்லை.

புறனடை

சும்மா இருக்கக் கூடாத இடங்கள் இவை.

சட்டை முழுதாக வராமல் கிழிந்து கிழிந்து ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் காற்றில் ஈரம் போதவில்லை. ஜொகூரில் ஈரப்பதத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம். வெளியே பஞ்சமில்லை, பிசாங்கின் அறையில் இரவெல்லாம் ஏர்கோன் ஓடுகிறது. பாம்புக்காக என்று சொல்லப்படுகிறது. தூங்குபவன் அக்காள் மகன், மின்கட்டணம் கட்டுபவள் அக்காள். ஈரப்பாசி வைத்த சின்னப் பெட்டி ஒன்றை உள்ளே வைத்தால் போதும், அல்லது வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவிடலாம். கண்ணில் ஒட்டிய செதிலை மட்டும் நகத்தால் கிள்ளவே கூடாது, கண்ணே போகும்.

மறுபக்கத்துத் தவறும் நம் ஊருக்கே உரியது. ஈரம் வேண்டும் என்று விரிப்பை நனைத்தே வைத்திருந்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகி, சிவந்து, கொப்புளம் கட்டி அழுகும். வெப்பப் பாய் அளவுக்கு மீறிச் சுட்டாலும் வயிறு சிவக்கும். வயிற்றில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகளும் சோர்வும் சேர்ந்து வந்தால் இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்கும் விஷயமல்ல. வாயின் உட்புறம் மஞ்சளானால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும், வெளிறினால் இரத்தசோகையை. செதில்மேல் பொருக்கு தட்டினால் பூஞ்சையாக இருக்கலாம்.

கரும்புள்ளிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நகராத புள்ளி வயது. நகரும் புள்ளி உண்ணி. ஈரமான வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாம்பு எந்நேரமும் தண்ணீர்ச் சட்டியிலேயே கிடந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பொதுவிதி: சட்டையோடு போகும் நிறம் சட்டையுடையது, சட்டை போன பின்னும் நிற்கும் சிவப்பு மருத்துவருடையது.

முடிவும் பரிந்துரையும்

ஒன்று, படம் எடுப்பவர் ஒரே விளக்கில், ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். பாதி நோய்கள் விளக்கை மாற்றியதும் குணமாகின்றன. இரண்டு, பாம்பு வாங்குமுன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அலங்காரத்துக்கு இயற்றப்பட்டதல்ல. மூன்று, மழைக்காலத்தில் கால்வாயிலிருந்து ஏறிவரும் நம் ஊர் மலைப்பாம்பை அழகாக இருக்கிறதே என்று வளர்க்க நினைக்க வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட உயிர்; 999ஐ அழைத்தால் பிடித்துப்போக ஆள் வருவார்கள்.

கடைசியாக, பாம்பு வளர்க்கும் இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்: கண் மங்கினால் தொடாதீர்கள், எலியைத் திணிக்காதீர்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள். சட்டை கழன்ற பிறகும் வயிறு சிவந்திருந்தால், பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். சும்மா இருக்க முடியாதவர்கள் இடையில் நம்பர் கடைக்குப் போய்வரலாம். பாம்புக்கு அதனால் கெடுதல் எதுவும் இல்லை.