ராக்கெட்டைத் தொலைப்பது எப்படி?

தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் நிறுத்திப் பற்றவைத்த கை உங்களுடையது. ஆகவே அமெரிக்காவில் ஒரு மாடல் ராக்கெட் கிளப்பில் சேரத் தனித் தகுதி எதுவும் வேண்டாம் என்று நினைப்பீர்கள். ஒரு விஷயம் மட்டும் இடிக்கும். அந்தத் தீபாவளி ராக்கெட்டின் குச்சி எங்கே போய் விழுந்தது என்று நீங்கள் ஒருநாளும் தேடிப் போனதில்லை. இங்கே தேடிப் போவதுதான் விளையாட்டே. மேலே போவதற்குச் சில வினாடி. மிச்ச ஞாயிற்றுக்கிழமை பூராவும் புல்லிலும் சோளக்கொல்லையிலும் தலையைக் குனிந்தபடி நடை.

திரும்பி வருகிற ராக்கெட்டைச் செய்யக் கற்றுத்தரக் கிளப்பில் ஆள் நிறைய உண்டு. முறையாகத் தொலைக்கக் கற்றுத்தரத்தான் ஒருவரும் இல்லை. எல்லாரும் தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் இப்படித் தடுமாறக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். யாரைத் திட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்தவர் ஓர்வில் கார்லைல். வாணவேடிக்கைப் பைத்தியம். 1954-இல் தன் சகோதரர் ராபர்ட்டோடு சேர்ந்து காகிதக் குழாயில் ஒரு ராக்கெட் செய்தார். உச்சிக்குப் போனதும் சிறிது மருந்து வெடித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். ராக்கெட் அலுங்காமல் இறங்கும். 'ராக்-எ-சூட்' என்று பெயர். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைன், ராக்கெட் வேலையின் பாதுகாப்பைப் பற்றி 1957-இல் ஒரு பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, அவருக்குக் கார்லைல் தன் மாதிரிகளை அனுப்பிவைத்தார். அதே வருடம்தான் ஸ்புட்னிக் பறந்தது; ஊர்ப் பையன்கள் எல்லாம் இரும்புக் குழாயில் கண்டதையும் இடித்துக் கெட்டித்து வெடிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டைன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இன்றைய தேசிய ராக்கெட்டரி சங்கம். மருந்தை நீ தொடாதே, ஆலையில் செய்த மோட்டாரை வாங்கிச் செருகு என்பது அதன் அடிப்படை. அந்த மோட்டாரை மேபல் என்று செல்லப்பெயர் வைத்த இயந்திரத்தில் அடித்துத் தள்ளியவர் கொலராடோக்காரர் வெர்ன் எஸ்டெஸ். 1959-இல் அதே கொலராடோவில் முதல் தேசியப் போட்டியும் நடந்துவிட்டது. ராக்கெட்டும் திரும்ப வேண்டும், விட்டவனின் விரலும் பத்தாக இருக்க வேண்டும்: இதுதான் அந்தப் பெரியவர்களின் கவலை. விரல் விஷயத்தில் நாமும் அவர்கள் கட்சி. ராக்கெட் விஷயத்தில்தான் நம் வழி வேறு.

தொலைப்பது கடையிலேயே ஆரம்பிக்கிறது. மோட்டார் மீது 'ஏ8-3' என்று அச்சடித்திருக்கும். எழுத்து, மோட்டாரின் மொத்த பலம். ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-வினாடி, பி என்றால் 5, சி என்றால் 10. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு மடங்கு. நடுவில் உள்ள எண் சராசரி உந்துவிசை. கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளுவதற்குள் எத்தனை வினாடி காத்திருக்கும் என்பது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய எழுத்தை வாங்குங்கள். இருப்பதிலேயே சின்ன ராக்கெட்டில் செருகுங்கள். நானூறு அடி மைதானம் வேண்டும் என்று சி மோட்டாருக்கு விதி சொல்லும். உங்கள் பள்ளிக்கூட விளையாட்டுத் திடல் பார்வைக்குப் பெரியதாகத்தானே இருக்கிறது?

இந்தச் சிரமம்கூட வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்டெஸ் நிறுவனமே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது: மஸ்கிட்டோ. பெயருக்கேற்ற கொசு. நான்கு அங்குல உயரம், மூன்று கிராம் எடை. பாராசூட் கிடையாது, உருண்டு புரண்டு விழும். ராக்கெட்டை நிறுத்திவைக்கும் ஏவுகம்பியை விட்டுக் கிளம்பிய மறுகணம் கண்ணுக்குத் தெரியாது. 'உஷ்' என்ற சத்தம் ஒன்றுதான் அதை நீங்கள் வாங்கியதற்கான அத்தாட்சி. விட்டவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பக்கத்தில் நிற்கும் அனுபவசாலிகள் அவர் தோளைத் தட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

கடைசி எண்ணிலும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. கனமான, மெதுவாக ஏறுகிற ராக்கெட்டுக்கு ஏழு வினாடி தாமதம் போட்டால், அது உச்சியைத் தொட்டுத் திரும்பி, மூக்கைக் கீழே நீட்டி, தரையில் குத்திக்கொண்டபின் சாவகாசமாகப் பாராசூட்டைத் துப்பும். கிளப்காரர்கள் இதற்கு 'மண் மாதிரி எடுத்தல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் ராக்கெட் தொலையாது என்பது உண்மைதான். எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். வெளியே எடுக்க மண்வெட்டி வேண்டும், அவ்வளவுதான்.

வால்துடுப்புகளை ஒட்டும்போது அவசரம் நல்லது. ராக்கெட்டின் எடைமையம் அழுத்த மையத்துக்கு முன்னால், குழாயின் ஒரு விட்டம் அளவாவது தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். இல்லாவிட்டால் நேராகப் போகாது. பழைய ஆட்கள் ராக்கெட்டின் எடைமையத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்ப்பார்கள்; மூக்கு முன்னால் நின்றால் சரி. முற்றத்தில் நின்று இப்படிச் சுழற்றினால் அண்டை வீட்டார் என்ன நினைப்பார்கள்? விட்டுவிடுங்கள். மைதானத்தில் அது சக்கரவாணமாகச் சுழலும்போது எல்லாருமே பார்த்துக்கொள்ளலாம்.

பாராசூட் மடிப்பதுதான் உள்ளபடியே கலை. சரியான முறையைச் சொல்கிறேன், தவிர்ப்பதற்குத் தோதாக இருக்கும். முதலில் தீப்பிடிக்காத மெல்லிய காகிதத்தில் மூன்று நான்கு தாளைக் கசக்கிக் குழாய்க்குள் தளர்வாகப் போட வேண்டும். இல்லையென்றால் மருந்து வெடிக்கிற சூட்டில் பிளாஸ்டிக் பாராசூட் உருகி ஒரு கட்டியாகிவிடும். பிறகு பாராசூட்டின் மேல் குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவித் தடவ வேண்டும், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. குளிர்நாளில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும்; மடித்தபடியே நிற்கும்; அதனால் ராக்கெட்டை விடுவதற்குச் சற்றுமுன்தான் மடிக்க வேண்டும். கயிறுகளைச் சிக்கில்லாமல் சுற்றி, குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் உள்ளே விட வேண்டும்.

நீங்கள் முந்தின நாள் இரவே மடித்து, கட்டைவிரலால் குத்தித் திணித்து, மூக்குக் கூம்பு ஆடுகிறது என்று டேப் ஒட்டிக் கெட்டிப்படுத்திவிடுங்கள். காகிதம் போட மறந்தால் இன்னும் விசேஷம்.

மைதானத்தில் உங்களுக்கு இடைஞ்சலாக ஒருவர் இருப்பார்: பாதுகாப்பு அலுவலர். மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ராக்கெட்டை வாங்கித் துடுப்பை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார், மூக்கை இழுத்துப் பார்ப்பார், மோட்டார் ஆடுகிறதா என்று தட்டிப் பார்ப்பார், "முதல் தடவையா?" என்று கேட்பார். அதற்கு உண்மையைச் சொன்னால் இன்னொரு முறை எல்லாவற்றையும் பார்ப்பார்.

தப்பித்து வந்தால் ஏவுகம்பி. தீமூட்டும் மெல்லிய கம்பியை மோட்டாரின் வாயில், மருந்தைத் தொடும்வரை, செருகி பிளாஸ்டிக் அடைப்பானால் இறுக்க வேண்டும். அதன் இரண்டு கால்களிலும் முதலைக் கிளிப்புகளை, ஒன்றையொன்று தொடாமல், மாட்ட வேண்டும். தொட்டால் மின்சாரம் சுலபமான வழியில் போய்விடும். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று கூட்டமே எண்ணி முடித்தபின் ராக்கெட் அங்கேயே நிற்கும். அப்போது ஏவுபொத்தான் பெட்டியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிவிட்டு 60 வினாடி யாரும் கிட்டே போகக் கூடாது. இந்த விதியை மட்டும் மீறச் சொல்ல மாட்டேன். இந்த வழிகாட்டி ராக்கெட்டைத் தொலைக்கத்தான், ஆளைத் தொலைக்க இல்லை. டி வரையிலான மோட்டாருக்குப் பதினைந்து அடி, அதற்கு மேல் முப்பது அடி தள்ளி நிற்பதும் அப்படியே.

காற்று அடிக்கிறதா? மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அன்று ஏவலே கிடையாது. அதற்குக் கீழே என்றால் விஷயம் தெரிந்தவர்கள் ஏவுகம்பியைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் சாய்ப்பார்கள்; பாராசூட்டில் இறங்கும்போது காற்று அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். காற்று போகும் பக்கமே நீங்கள் சாயுங்கள். பக்கத்து மாவட்டத்தையும் பார்த்ததாக இருக்கும்.

இனி போட்டிகள். இலக்கில் இறங்கும் போட்டியில் மைதானத்தில் ஒரு குச்சியை நட்டுவைப்பார்கள். யாருடைய ராக்கெட் அதற்கு மிக அருகில் இறங்குகிறதோ அவருக்குப் பரிசு. உயரத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள்தான் இதில் ஜெயிக்கிறார்கள். ஏ மோட்டாரில் மரத்தளவு போய்ப் பொத்தென்று விழுகிற ராக்கெட்டைக் கேலி செய்யாதீர்கள். ரிப்பன் போட்டியில் பாராசூட்டுக்குப் பதில் நீளமான பட்டை. புடவைக் கொசுவம் வைக்கிற மாதிரி மடிப்பு மடிப்பாக வைத்தால்தான் கீழே வரும்போது படபடத்து வேகத்தைக் குறைக்கும். கிளைடர் போட்டியில் ராக்கெட்டாகப் போவது விமானமாக இறங்க வேண்டும். மோட்டார்க் கூடு தனியே கழன்று தன் பாராசூட்டில் வரும். அந்தப் பாராசூட் கிளைடரிலேயே சிக்கிக்கொண்டு இரண்டும் கட்டிப்புரண்டு விழுந்தால் அதற்கு 'ரெட் பேரன்' என்று பெயர். முதல் உலகப்போர் விமானியின் பெயரை எதற்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

உயரப் போட்டிக்கு இப்போது தீக்குச்சிப் பெட்டியைவிடச் சிறிய ஆல்டிமீட்டர் உள்ளேயே போகிறது. முன்பெல்லாம் மைதானத்தின் இரு மூலைகளில் இருவர் கோணமானியோடு நின்று ராக்கெட்டைத் தொடர்வார்கள். இருவர் கணக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் முரண்பட்டால் அந்த உயரம் செல்லாது. ராக்கெட் கைக்கு வந்துசேர்ந்திருக்கும், உயரம் மட்டும் தொலைந்திருக்கும். அந்த அருமையான வாய்ப்பை ஆல்டிமீட்டர் கெடுத்துவிட்டது. ஆனால் ராக்கெட்டே தொலைந்தால் ஆல்டிமீட்டரும் சேர்ந்து தொலைகிறது என்பதால் லாபம் நமக்குத்தான்.

தொலைப்பவர்களின் தலையாய போட்டி பாராசூட் நேரப் போட்டி. யாருடையது அதிக நேரம் வானத்தில் நிற்கிறதோ அவர் வெற்றியாளர். சலவைக்கடைப் பையைவிட மெல்லிய பிளாஸ்டிக்கில் பெரிய பாராசூட் வெட்டிச் சின்னக் குழாயில் அடைப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். உயரமான கம்பத்தில் மெல்லிய மைலார் நூல் தொங்கும். சிலர் சோப்புக் குமிழி ஊதுவார்கள். தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழுந்தால் நூல் தூக்கும், குமிழிகள் ஏறும். அந்த நொடியில் பொத்தானை அழுத்தினால் ராக்கெட் இறங்கவே இறங்காது. ஏறும். கடிகாரம் வைத்திருப்பவர் கண்ணை இடுக்கிக்கொண்டு புள்ளியைப் பார்த்தபடி நிற்பார். புள்ளியும் மறைந்தால் கடிகாரத்தை நிறுத்துவார். உங்களுக்கு முதல் பரிசு. ராக்கெட் போனது போனதுதான். இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது இந்தப் போட்டியில் மட்டும்தான். கிளப்பின் மற்றெல்லாப் போட்டிகளையும்விட எனக்குப் பிடித்ததும் இதுவே.

உங்கள் பிள்ளை பள்ளி அணியில் இருந்தால் முட்டையில்தான் போய் நிற்பீர்கள். 2003-இல் தொடங்கிய தேசிய மாணவர் ராக்கெட் போட்டியில் பச்சைக் கோழிமுட்டையைச் சுமந்துகொண்டு, அந்த வருடம் குறித்த உயரத்துக்குப் போய், குறித்த நேரத்துக்குள் இறங்க வேண்டும். முட்டை 55 கிராமிலிருந்து 61 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதால் சூப்பர் மார்க்கெட்டில் தராசோடு நிற்கும் தகப்பன்மாரைப் பார்க்கலாம். உயரத்தில் ஓரடி பிசகினால் ஒரு புள்ளி. நேரத்தில் ஒரு வினாடி பிசகினால் நான்கு. பன்னிரண்டு அடியும் அரை வினாடியும் தவறினால் பதினான்கு. குறைந்த புள்ளிக்காரர் ஜெயிப்பார். முட்டையில் கீறல் விழுந்தால் எதுவுமே கணக்கில் வராது. மிகச் சிறந்த நூறு அணிகள் விர்ஜீனியாவில் தி பிளெயின்ஸ் என்ற ஊரில் இறுதிச் சுற்றுக்குக் கூடுகின்றன. அங்கே போகாமல் தவிர்க்க ஒரு சுலப வழி உண்டு: பயிற்சி ஏவல்களை எல்லாம் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடுங்கள். ஆம்லெட்டும் மிச்சம்.

எல்லாம் முடிந்து ராக்கெட் எங்கோ இறங்குகிறது. கெட்டிக்காரர் விழுந்த திசையில் தெரிகிற ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறிவைத்து, கண்ணை எடுக்காமல் நேர்கோட்டில் நடப்பார். இன்னொருவர் வேறிடத்திலிருந்து அதே மாதிரி நடப்பார். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் ராக்கெட் கிடக்கும். உங்களுக்கு அதற்குள் ஃபோனில் எடுத்த வீடியோ நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். பாருங்கள். மரத்தில் மாட்டியிருந்தால் அண்ணாந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள். மின்கம்பியில் மாட்டியிருந்தால் அதுவும் வேண்டாம். எடுக்க முயலக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது; அது இனி உங்களுடையது இல்லை.

இந்த வித்தையை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மேரிலாந்தில் நாசாவின் கோடார்டு மையத்துப் பார்வையாளர் கூடத்தருகே பொதுமக்களுக்கான ஏவல் நெடுங்காலமாக நடந்துவந்திருக்கிறது. இப்போதும் நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

ஏவல் மைதானங்களுக்கு அருகே வீடும் தோட்டமும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புல்வெட்டும்போது வால்துடுப்பு ஒட்டிய அட்டைக் குழாய் ஒன்று அகப்பட்டால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் பேனாவால் எழுதிய தொலைபேசி எண் இருக்கும். தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்லுங்கள்.